டாக்டர் வரைந்த கோட்டுக்கு உங்கள் கணக்கு எத்தனை மார்க் போடும்?

சி.டி. படத்தில் கல்லீரலைப் பிரித்தெடுக்கும் வேலைக்கு வந்த புதிதில், மூன்று வாரம் ஒரே ஓர் எண்ணோடு மல்லுக்கட்டினேன். ஒரு தொடக்கக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி உறுப்பின் எல்லைக்குக் கொண்டுபோகும் லெவல் செட் முறையில், கோடு சுற்றுக்கு எவ்வளவு நகரலாம் என்று சொல்லும் எண் அது. கூட்டி வைத்தால் கோடு சிதறும். குறைத்து வைத்தால் விடிய விடிய ஓடும். எப்படி வைத்தாலும் கடைசியில் ஒன்றுதான் நடக்கும்: கல்லீரலின் மேல்பக்கத்தில் கோடு உதரவிதானத்தைத் தாண்டி இதயத்துக்குள் புகுந்து உட்கார்ந்துவிடும்.

எங்களுக்குக் கையால் எல்லை வரைந்து கொடுத்த கதிரியக்க மருத்துவர் ஒருநாள் என் திரையை எட்டிப் பார்த்தார். "தம்பி, நான் வரைஞ்ச கோட்டையும் உங்க புரோகிராம்ல போட முடியுமா? அதுக்கு அது எத்தனை மார்க் போடுதுன்னு பார்ப்போமே" என்றார்.

போட்டேன். என் கோட்டைவிட அவர் கோட்டுக்குத்தான் மோசமான மார்க் வந்தது. அதுவும் கொஞ்சநஞ்ச வித்தியாசம் இல்லை. கணினி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. நான் அதனிடம் கேட்ட கேள்வியில்தான் கோளாறு. கேள்வியே தப்பாக இருக்கும்போது நகரும் அளவை எப்படித் திருகி என்ன?

அதிலிருந்து எந்த உறுப்பாக இருந்தாலும் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். எந்தக் கோடு நல்ல கோடு என்று விலை வைப்பது ஒன்று. அந்த விலைப்படி மலிவான கோட்டைத் தேடுவது இன்னொன்று. புத்தகங்கள் முதலாவதை ஆற்றல் சார்பு என்றும், இரண்டாவதை உகப்பாக்கம் என்றும் சொல்லும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்னைப் போல மூன்று வாரம் போகும்.

முதலில் ஆறு வாக்சல், ஒரு பென்சில்

முப்பரிமாணப் படத்தைத் திறப்பதற்கு முன் இதைத் தாளில் போட்டுப் பாருங்கள். ஒரே வரிசையில் ஆறு வாக்சல், அதாவது முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கட்டங்கள். ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவுகள் 112, 106, 74, 108, 52, 48. தண்ணீர் 0, காற்று −1000 என்று வைத்த அளவுகோல் அது. மருந்து செலுத்தி எடுத்த படத்தில் கல்லீரலின் சராசரி 110, வெளியே இருப்பதன் சராசரி 50, இரைச்சல் (அளவுகளின் திட்ட விலக்கம்) இரண்டுக்கும் 20 என்று வைத்துக்கொள்வோம்.

ஒவ்வொரு வாக்சலுக்கும் இரண்டு விலை. கல்லீரல் என்று பெயரிட்டால், அளவிலிருந்து 110ஐக் கழித்து, வர்க்கமாக்கி, 800ஆல் வகுக்க வேண்டும். 800 என்பது 20இன் வர்க்கத்தைப் போல இரு மடங்கு. வெளி என்று பெயரிட்டால், 50ஐக் கழித்து அதே கணக்கு. 112க்குக் கல்லீரல் விலை 0.005, வெளி விலை 4.805. சந்தேகமே இல்லை. வம்பு 74இல்தான்: கல்லீரல் என்றால் 1.62, வெளி என்றால் 0.72. தனியாகக் கேட்டால் அது "வெளி" என்றுதான் சொல்லும்.

இதோடு இன்னொரு விலையையும் சேருங்கள். பக்கத்துப் பக்கத்து வாக்சல்களின் பெயர் மாறும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அபராதம். அதுதான் லாம்டா. 74ஐ வெளி என்று விட்டால் பெயர் மூன்று இடத்தில் மாறுகிறது, மொத்தம் 0.76 + 3 லாம்டா. கல்லீரல் என்று எடுத்தால் ஒரே இடம், மொத்தம் 1.66 + லாம்டா. லாம்டா 0.3 என்றால் முதலாவது 1.66, இரண்டாவது 1.96: ஓட்டை அப்படியே நிற்கும். 0.6 என்றால் 2.56, 2.26: ஓட்டை அடைபடும். மாறும் புள்ளி சரியாக 0.45.

இந்தச் சிறு கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நிரலைச் சோதிக்க இதே வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். 74 என்பது இரைச்சலா, சின்னக் கட்டியா என்று இந்தக் கணக்குக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே விலை.

லாம்டா எதை விழுங்கும்

லாம்டாவைக் கண்ணால் பார்த்துத் திருகுவதுதான் ஊரெல்லாம் வழக்கம். "1 வைத்தேன், அழகாக வந்தது." அழகாகத்தான் வரும். என்ன போயிற்று என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கல்லீரலுக்குள் உருண்டையான ஒரு கட்டி, அளவு 74 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம் ஆர் வாக்சல். அதை "வெளி" என்று தனியே பிரித்தால் வாக்சலுக்கு 0.9 லாபம் (1.62 − 0.72). உருண்டையின் கனஅளவு 4/3 பை ஆர் கனம். ஆக மொத்த லாபம் 1.2 பை ஆர் கனம். நட்டம் எல்லையில் வரும். முகத்தோடு முகம் தொடும் ஆறு வாக்சல்களை மட்டும் அண்டையாக எடுக்கும் ஆறு பக்கத்து அண்டை வைத்திருந்தால், ஒவ்வோர் அச்சிலும் உருண்டையின் நிழல் பை ஆர் வர்க்கம். நிழலில் விழும் ஒவ்வொரு கோடும் உருண்டைக்குள் ஒரு தடவை நுழைந்து ஒரு தடவை வெளியேறும். மூன்று அச்சுக்கும் சேர்த்து 6 பை ஆர் வர்க்கம் இடத்தில் அபராதம். லாபம் நட்டத்தை மிஞ்ச வேண்டுமானால் ஆர் ஏறத்தாழ 5 லாம்டாவுக்கு மேல் இருக்க வேண்டும்.

அதாவது லாம்டா 1 என்றால், ஆரம் 5 வாக்சலுக்குக் குறைந்த அப்படிப்பட்ட கட்டி எதுவும் மிஞ்சாது. எல்லாப் பக்கமும் 0.7 மி.மீ. உள்ள வாக்சல் என்றால் அது 7 மி.மீ. விட்டம். அத்தனை பெரிய கட்டியைக் கணக்கு அமைதியாக மென்று விழுங்கிவிடும். இது நிரலின் பிழை இல்லை. நாம் கேட்டபடி கிடைத்த மிகச் சரியான விடை. மெல்லிய ரத்தக் குழாய்களுக்கு இன்னும் மோசம், எல்லை மிக அதிகம், உள்ளே கனஅளவு மிகக் குறைவு. அதனால் லாம்டாவைத் தேர்வு செய்வதற்கு முன், "நான் தவறவிடக் கூடாத மிகச் சிறிய பொருள் எது?" என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்த மில்லிமீட்டரிலிருந்து லாம்டாவின் உச்சவரம்பை எடுங்கள். கண்ணால் பார்ப்பது அதற்குக் கீழே நடக்கட்டும்.

வாக்சல் கனசதுரம் இல்லை

வாக்சல் எல்லாப் பக்கமும் சமம் என்று சும்மா வைத்துக்கொண்டேன். நிஜப் படங்களில் தளத்துக்குள் 0.7 மி.மீ., தளத்துக்குத் தளம் 5 மி.மீ. என்பது சர்வ சாதாரணம். எல்லா அண்டைக்கும் ஒரே அபராதம் போட்டால், கணக்கு உடம்பை நெடுக்கில் நசுக்கிய தட்டையான பொருளாகப் பார்க்கும். மேலும் கீழும் உள்ள தளங்கள் தேவைக்கு அதிகமாக ஒட்டிக்கொள்ளும்.

பரிகாரம் எளிது. அபராதத்தை இரண்டு வாக்சல்களும் தொட்டுக்கொள்ளும் முகத்தின் பரப்பால் பெருக்குங்கள். பக்கவாட்டு முகம் 0.7 × 5 = 3.5 சதுர மி.மீ.; மேல்கீழ் முகம் 0.7 × 0.7 = 0.49. ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம். வாக்சலின் சொந்த விலையைக் கனஅளவான 2.45ஆல் பெருக்குங்கள். இப்போது லாம்டாவுக்கு மில்லிமீட்டர் என்று ஓர் அலகு கிடைத்துவிடுகிறது. ஒரு ஸ்கேனரில் சரிப்பட்ட லாம்டா தளத் தடிமன் மாறியதும் குப்பையாவது இதன்பின் பெரும்பாலும் நிற்கும்.

படத்தில் வெளிச்சம் சட்டென்று மாறும் இடத்தில் எல்லை மலிவாக இருக்க வேண்டும் என்று பெரும்பாலோர் அபராதத்தை ஓர் எக்ஸ்பொனென்ஷியலால் குறைப்பார்கள்: இரு வாக்சல்களின் வித்தியாசத்தின் வர்க்கம், இரைச்சல் வர்க்கத்தின் இரு மடங்கால் வகுத்து, எதிர்க்குறியோடு. அந்த இரைச்சலை ஊகிக்காதீர்கள். கல்லீரலின் நடுவில் குழாய் இல்லாத ஒரு துண்டை எடுத்துத் திட்ட விலக்கத்தை அளந்துவிடுங்கள். அரை நிமிட வேலை.

வாக்சலின் சொந்த விலை

110, 50 என்று இரண்டு சராசரி வைப்பது தாளுக்குச் சரி. உண்மையில் "வெளி" என்பதில் கொழுப்பும் எலும்பும் காற்றும் சிறுநீரகமும் இருக்கின்றன. அதற்கு ஒற்றைச் சராசரி எங்கே இருக்கும்? டாக்டர் கிறுக்கிய சில கோடுகளின் கீழே உள்ள அளவுகளை வைத்து, எந்த அளவு எத்தனை தடவை வருகிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் போட்டு, நிகழ்தகவின் இயல் மடக்கையை எதிர்க்குறியோடு விலையாக வைப்பது நல்ல வழி.

இங்கே ஒரு பள்ளம். ஹிஸ்டோகிராமில் காலியான கட்டத்தின் நிகழ்தகவு பூஜ்யம். அதன் விலை முடிவிலி. பத்து லட்சத்தில் ஒன்று என்று ஒட்டுப் போட்டால் விலை 13.8. லாம்டா 1 என்றால் ஒரு வாக்சலின் ஆறு பக்க அபராதமும் சேர்ந்து 6தான். ஆகவே அறுவை கிளிப் போல மின்னும் ஒற்றை வாக்சல், சுற்றியிருக்கும் அத்தனை பேரையும் மீறிக்கொண்டு ஓட்டையாக நிற்கும். நிகழ்தகவு 0.01க்குக் கீழே போகக் கூடாது என்று அடிமட்டம் வைத்தால் விலை அதிகபட்சம் 4.6, அண்டையார் அடக்கிவிடுவார்கள்.

தேடல்: எதை எப்போது

இரண்டே பெயர், பக்கத்து வாக்சல்களின் பெயர் மாறினால் மட்டும் அபராதம் என்கிற வகை விலைக்கு, துல்லியமான ஒட்டுமொத்தக் குறைந்தபட்சத்தைக் கண்டுபிடிக்க முடியும். கிரேக், போர்ட்டியஸ், சீஹல்ட் மூவரும் 1989இலேயே இதை உச்சப் பாய்வுக் கணக்காக (குழாய் வலையில் அதிகபட்சம் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்பது போன்ற கணக்காக) மாற்றிக் காட்டினார்கள். பாய்காவும் ஜாலியும் 2001இல் கிறுக்கல்களோடு சேர்த்து இதை முப்பரிமாண மருத்துவப் படங்களுக்குக் கொண்டுவந்தார்கள். கிராஃப் கட் என்ற பெயரில் இன்றும் என் முதல் தேர்வு இதுதான். காரணம் வேகம் இல்லை. விடை தப்பாக வந்தால் தேடலைக் குறை சொல்ல வழியே இல்லை, குற்றம் விலையில்தான். சந்தேகப்பட ஓர் இடம் குறைந்தாலே பாதி நிம்மதி.

எழுதும்போது எல்லோரும் விழும் இடம் ஒன்று உண்டு. வாக்சல்கள் முனைகளாகவும் விலைகள் இணைப்புகளாகவும் உள்ள வலையில் கல்லீரலுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று என்று இரண்டு சிறப்பு முனைகள் உண்டு; இணைப்புகளை மிக மலிவாக அறுத்து அந்த இரண்டையும் பிரிப்பதுதான் கிராஃப் கட். அதில் மூலமுனை கல்லீரலைக் குறிக்கிறது என்றால், மூலத்திலிருந்து வாக்சலுக்குப் போகும் இணைப்பில் *வெளி* விலையைப் போட வேண்டும். வாக்சல் வெளிப்பக்கம் போனால்தான் அந்த இணைப்பு அறுபடும். நான் இரண்டு தடவை மாற்றிப் போட்டிருக்கிறேன். அந்த ஆறு வாக்சல்களை ஓட்டிப் பாருங்கள்: லாம்டா 0.3க்கு 1.66ம் 0.6க்கு 2.26ம் வராவிட்டால் மேலே போகாதீர்கள். டாக்டர் "இது கட்டாயம் கல்லீரல்" என்று கிறுக்கிய வாக்சலுக்கு முடிவிலியைப் போடாதீர்கள். எந்த வாக்சலின் அண்டை அபராதங்களின் மொத்தத்தையும்விட ஒன்று அதிகமான எண்ணே போதும்.

நினைவகம்தான் இதன் தொல்லை. 512 × 512 × 100 படத்தில் 2 கோடியே 62 லட்சம் வாக்சல். ஆறு பக்க அண்டையில் ஏறத்தாழ 7 கோடியே 80 லட்சம் இணைப்பு. பல ஜிகாபைட் போய்விடும். கல்லீரலைச் சுற்றிப் பெட்டி வெட்டுங்கள். போதாவிட்டால் பாதித் தெளிவில் ஒரு முறை ஓட்டி, வந்த எல்லையைச் சுற்றியுள்ள பட்டையில் மட்டும் முழுத் தெளிவில் மறுபடி ஓட்டுங்கள். ஆனால் பட்டை வைத்த பிறகு அந்த ஒட்டுமொத்த உத்தரவாதம் கிடையாது என்பதை மறக்க வேண்டாம். பட்டைக்கு வெளியே இருப்பது போனது போனதுதான்.

இன்னொரு வழி குவிவுத் தளர்வு. பெயர் 0 அல்லது 1 என்பதை விட்டு, இடைப்பட்ட எந்த எண்ணும் ஆகலாம் என்று தளர்த்துவது. சராசரிகள் நிலையாக இருந்தால், தளர்த்திய கணக்கின் விடையை நடுவில் எந்த அளவில் வெட்டினாலும் மூலக் கணக்கின் சரியான விடையே கிடைக்கும் என்று சான், எஸெடோக்லு, நிகோலோவா 2006இல் காட்டினார்கள். சாம்போல்–போக் முறையில், 2011இல் வந்தது, இதை ஓட்டலாம். கிராஃபிக்ஸ் அட்டையில் பறக்கும். ஆறு பக்க அண்டை தரும் படிக்கட்டு ஓரமும் இதில் குறைவு.

சுற்றுக்கு எவ்வளவு நகர்வது என்ற அடி அளவில் மட்டும் கவனம்; இந்த முறையில் அப்படி இரண்டு அடிகள் உண்டு. இரண்டு அடிகளின் பெருக்கலை கிரேடியன்ட்டின் (அண்டை வாக்சல்களின் வித்தியாசத்தை எடுக்கும் கணக்கின்) நெறி, அதாவது அது எண்களை அதிகபட்சம் எத்தனை மடங்கு பெருக்கும் என்பதன் வர்க்கத்தால் பெருக்கினால் 1ஐத் தாண்டக் கூடாது. முப்பரிமாணத்தில் அந்த வர்க்கம் 12 என்று பல நிரல்களில் எழுதியே வைத்திருப்பார்கள். அது வாக்சலின் எல்லாப் பக்கமும் 1 ஆக இருந்தால் மட்டும். மில்லிமீட்டரில் வேலை செய்தால் ஒவ்வோர் அச்சுக்கும் 4ஐ இடைவெளியின் வர்க்கத்தால் வகுத்துக் கூட்டுங்கள்: 0.7, 0.7, 5 என்றால் 16.5 வரும். 12ஐ அப்படியே விட்டால் உத்தரவாதம் போயிற்று. எண்கள் 0க்கும் 1க்கும் நடுவே அடைபட்டிருப்பதால் வெடித்துச் சிதறாது. சதுரங்கப் பலகை மாதிரி மினுக்கிக்கொண்டே இருக்கும். முடிந்ததா என்று பார்க்க ஒரு மலிவான சோதனை: விடையை 0.3இலும் 0.7இலும் வெட்டி இரண்டின் விலையையும் பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் இன்னும் ஓட வேண்டும்.

லெவல் செட்டைப் பற்றி நான் கசப்போடு பேசுவேன், மன்னியுங்கள். ஓஷரும் சேத்தியனும் 1988இல் கொடுத்த அழகான கருவி அது. நான் மல்லுக்கட்டிய எண்ணுக்கு ஒரு வரி விதியும் உண்டு: கோட்டின் உச்ச வேகத்தை நேர அடியால் பெருக்கினால் ஒரு வாக்சல் அகலத்தைத் தாண்டக் கூடாது, வளைவு உறுப்பும் இருந்தால் அகலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இன்னும் சுருக்க வேண்டும். மூன்று வாரத்துக்குப் பதில் ஐந்து நிமிடம். ஆனால் அது அருகில் இருக்கும் பள்ளத்தில் விழுந்து அங்கேயே படுத்துக்கொள்ளும். உள்ளே ஒரு சராசரி, வெளியே ஒரு சராசரி என்று வைத்துக் கோட்டை நகர்த்தும் சான்–வேஸி முறையிலும், சராசரிகளைக் கூடவே தேடும்போது இதே கதை. கோட்டை எங்கே தொடங்குகிறோம் என்பது முக்கியமான இடத்தில், எல்லை துண்டாகவோ ஒட்டவோ செய்யும் இடத்தில், அதை எடுப்பேன். முதல் கருவியாக அல்ல.

கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் என்று பெயர்கள் மூன்றோ அதற்கு மேலோ ஆனால் துல்லிய விடை பொதுவாகக் கைக்கு எட்டாது. ஒவ்வொரு பெயராக எடுத்து, அது எங்கெல்லாம் பரவலாம் என்று கிராஃப் கட்டால் பார்க்கும் ஆல்ஃபா விரிவு முறை, எளிய அபராதத்துக்கு, குறைந்தபட்சத்தைப் போல இரண்டு மடங்குக்குள் கொண்டுபோய் நிறுத்தும். நடைமுறையில் அது போதுமானதாகவே இருந்திருக்கிறது.

மார்க் சோதனை

விடை தப்பாக வந்ததும் எதையும் திருகாதீர்கள். டாக்டரின் கோட்டை அதே விலைக் கணக்கில் போடுங்கள். அவருடைய விலை நிரலின் விலையைவிடக் குறைவா? நல்ல விடை இருக்கிறது, தேடல் அதைப் பிடிக்கவில்லை: தேடலைப் பாருங்கள். அவருடைய விலைதான் அதிகமா? தேடலைத் தொடாதீர்கள், விலையை மாற்றுங்கள்.

மொத்த எண்ணோடு நிறுத்தவும் வேண்டாம். இரண்டு கோடுகளும் எங்கே வேறுபடுகின்றனவோ அந்தத் துண்டுகளில் மட்டும், சொந்த விலை எவ்வளவு, எல்லை அபராதம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுங்கள். என் இதயக் கசிவில் வித்தியாசம் முழுக்கச் சொந்த விலையிலிருந்துதான் வந்தது. இதயத் தசையும் கல்லீரலும் அந்தப் படத்தில் ஏறக்குறைய ஒரே வெளிச்சம். இதயத்தை உள்ளே இழுத்துக்கொண்டால் கணக்குக்குக் கொள்ளை லாபம். இதை எந்த லாம்டாவும் சரிசெய்யாது. இதயத்தில் ஒரு "வெளி" கிறுக்கல் போட்டதும், நுரையீரல் அடித்தளத்திலிருந்து உள்ள தூரத்தை வைத்து இட விலை ஒன்று சேர்த்ததும் கசிவு நின்றது. இரண்டு நாள் வேலை.

இப்போது அந்த இட விலையை, டாக்டர் வரைந்த படங்களைப் பார்த்துப் பழகும் யூ-நெட் என்ற நரம்பு வலைப்பின்னலே கொடுத்துவிடுகிறது. ரோனபெர்கர், ஃபிஷர், புரோக்ஸ் 2015இல் வெளியிட்டது; வாக்சலுக்கு ஒரு நிகழ்தகவு தரும், அதன் மடக்கையை எதிர்க்குறியோடு விலையாக வைத்துக் கிராஃப் கட் ஓட்டலாம். வலைக்குத் தன்னம்பிக்கை ஜாஸ்தி. 0.9999 என்று சொன்ன இடத்தில் மாற்றுப் பெயரின் விலை 9.2, அண்டையார் பேச்சு எடுபடாது. 0.01க்கும் 0.99க்கும் நடுவே அடக்கிக்கொள்ளுங்கள். வலையின் பயிற்சிக்குள் மார்க் சோதனைக்கு இடமில்லை, அங்கே டாக்டர் கோட்டுக்கு இழப்பு எப்போதும் பூஜ்யம்தான். வெளியே வந்த பிறகு, விலையும் தேடலுமாகப் பிரித்த இடத்தில், மறுபடியும் உயிர் பெறும்.

டைஸ் எண் சொல்லாதது

கடைசியில் எல்லோரும் டைஸ் எண்ணைக் காட்டுவார்கள்: இரண்டு பகுதிகளும் பொதுவாக மூடும் கனஅளவைப் போல இரு மடங்கு, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தது. லாம்டா விழுங்கிய அந்த 7 மி.மீ. கட்டிக்குத் திரும்பி வாருங்கள். அதன் கனஅளவு 0.18 மி.லி. கட்டியைத் தனியே பிரித்து டாக்டர் வரைந்த 1500 மி.லி. கல்லீரலில், வேறெதுவும் தப்பாமல் அது ஒன்றை மட்டும் நம் கணக்கு கல்லீரலோடு சேர்த்து விழுங்கினால் டைஸ் 0.99994. மூன்று தசமத்துக்குச் சுருக்கினால் 1.000 என்றே அச்சாகும்.

அப்படி ஓர் அட்டவணையைப் பெருமையோடு டாக்டரிடம் நீட்டியபோது, எண்களை அவர் பார்க்கவே இல்லை. படத்தைத் தளம் தளமாக உருட்டி ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்க ஒரு புள்ளி இருந்துச்சே தம்பி, எங்க போச்சு?" அன்று மாலையே டைஸுக்குப் பக்கத்தில் இன்னொரு நிரலைச் சேர்த்தேன்: டாக்டர் குறித்த கட்டிகள் எத்தனை, அதில் நம் விடையில் தப்பிப் பிழைத்தவை எத்தனை, காணாமல் போனதில் மிகப் பெரியதன் விட்டம் எத்தனை மில்லிமீட்டர். முதல் தடவை ஓட்டியபோது அந்த மூன்றாவது கட்டத்தில் 6.8 என்று வந்தது.